கூலி தராத நகல்

இரண்டாயிரமாவது ஆண்டை ஒட்டிய காலத்தில் சென்னை ரிச்சி தெருவுக்குக் கணினி வாங்கப் போகிறவர் கையில் ஒரு சீட்டு இருக்கும். மதர்போர்டு, பிராசஸர், ராம், ஹார்ட் டிஸ்க், மானிட்டர், கேபினட் என்று அதில் வரிசையாக எழுதியிருக்கும். கடை கடையாக ஏறி இறங்கி ஒவ்வொன்றுக்கும் விலை கேட்பார். ஐம்பது ரூபாய்க்கும் பேரம் நடக்கும். ராம் விலை காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஒருவழியாக முப்பதாயிரத்துச் சொச்சத்துக்குக் கொட்டேஷன் முடிவாகும். அந்தக் கொட்டேஷனில் விண்டோஸ் இருக்காது, எம்எஸ் ஆபீஸ் இருக்காது. ஆனால் வீட்டில் வந்து இறங்கும் கணினியில் இரண்டும் இருக்கும். "ஓஎஸ் போட்டுக் குடுத்துடுறோம் சார்" என்ற ஒரே வாக்கியத்தில் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். கூடவே போட்டோஷாப், பேஜ்மேக்கர், கோரல்டிரா, ஒரு கட்டுத் தமிழ் எழுத்துருக்கள், பிள்ளைகளுக்கு நாலு கேம்ஸ்.

கையால் தொட முடிந்ததற்கெல்லாம் காசு, தொட முடியாததெல்லாம் இனாம். வாங்குபவர், விற்பவர் இருவருக்குமே இதில் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. கடையில் விட்டுப்போனதை நடைபாதையில் வாங்கிக்கொள்ளலாம். ஜெராக்ஸ் எடுத்த உறைக்குள் சிடி, உறையின் மேல் மார்க்கர் பேனாவில் எழுதிய பெயர், உள்ளே 'கிராக்' என்றொரு ஃபோல்டர். அதிலிருக்கும் ஃபைலை எங்கே காப்பி செய்து எங்கே ஒட்ட வேண்டும் என்பதை எட்டாவது படிக்கும் பையன் அப்பாவுக்குச் சொல்லிக்கொடுப்பான்.

விலையையும் பார்க்க வேண்டும். போட்டோஷாப் 7.0 வெளிவந்த 2002-ல் அதன் அமெரிக்க விலை 609 டாலர். அன்றைய மாற்று மதிப்பில் ஏறத்தாழ 30,000 ரூபாய். அதாவது ஒரு முழுக் கணினியின் விலை. கல்யாண ஆல்பம் செய்யும் ஸ்டுடியோக்காரர் அந்தப் பணத்தைக் கொடுத்து வாங்கியிருப்பாரா என்றால், மாட்டார். காப்பி கிடைக்காமல் போயிருந்தால் பழையபடி ஒட்டு வேலையும் ஏர்பிரஷ்ஷுமாக இன்னும் பத்து வருஷம் ஓட்டியிருப்பார். இந்த விவரத்தை மறந்துவிட்டு இதைப் பற்றிப் பேச முடியாது.

ஊர் தவறாமல் முளைத்த கணினி மையங்களின் கதையும் இதேதான். எம்எஸ் ஆபீஸ், டிடிபி, டேலி என்று போர்டு மாட்டி, கட்டணம் வாங்கி, சான்றிதழ் கொடுத்துத் தமிழ்நாட்டின் ஒரு தலைமுறைக்கு மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவை அவை. அங்கே ஓடியவை பெரும்பாலும் காப்பிகள். பிற்பாடு பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களுக்கு வேலைக்குப் போனவர்களில் பலர் முதலில் தொட்ட விண்டோஸ் அப்படிப்பட்டதுதான். மென்பொருள் துறையின் வெற்றிக் கதையை எழுதுகிறவர்கள் இந்த அத்தியாயத்தை நாசூக்காகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இது திருட்டா என்ற கேள்வி ரிச்சி தெருவில் பிறந்ததல்ல. அதற்குக் கால் நூற்றாண்டு முன்னால், கலிஃபோர்னியாவில் கணினிப் பித்துப் பிடித்த இளைஞர்களின் கிளப் ஒன்றில் பிறந்தது. அதற்கும் முன்பு மென்பொருள் என்பது தனியாக விலை போட்டு விற்கும் சரக்காகவே இருக்கவில்லை. ஐபிஎம் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தால் நிரலும் அதோடு சேர்ந்து வரும். இரண்டுக்கும் தனித்தனியே விலை வைக்கப்போவதாக அந்த நிறுவனம் அறிவித்தது 1969-ல்தான். 1975-ல் ஆல்டேர் 8800 என்ற சிறு கணினி வந்தது. அதற்கான பேசிக் மொழியை எழுதியவர்கள் பில் கேட்ஸும் பால் ஆலனும். அந்த நிரல் பதிந்த துளைநாடா ஒன்று, ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் உறுப்பினர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. நகல் எடுத்தார்கள். கூட்டத்தில் இலவசமாகக் கொடுத்தார்கள். ஒன்றை எடுத்துப் போகிறவர் அடுத்த முறை இரண்டாகத் திருப்பித் தர வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

1976 பிப்ரவரியில் பில் கேட்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். வயது இருபது. உங்களில் பெரும்பாலானோர் மென்பொருளைத் திருடுகிறீர்கள் என்று நேராகவே சொன்னார். எல்லோரும் மேற்கோள் காட்டுவது அந்த வரியைத்தான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது கடிதத்திலிருக்கும் கணக்கு. ஆல்டேர் வைத்திருப்பவர்களில் பத்தில் ஒருவர்கூட பேசிக்கைக் காசு கொடுத்து வாங்கவில்லை என்கிறார். செலவான கணினி நேரத்தின் மதிப்பு 40,000 டாலரைத் தாண்டும் என்கிறார். வந்த ராயல்டியை உழைத்த நேரத்தால் வகுத்தால் மணிக்கு 2 டாலர்கூடத் தேறவில்லை என்கிறார். திருட்டு கொடுத்தவன் வைக்கும் கணக்கு வேறு மாதிரி இருக்கும். இந்தப் பொருள் போயிற்று, இன்ன விலை என்று அவன் சொல்வான். கேட்ஸ் சொன்னது கூலிக் கணக்கு. இத்தனை மணி நேரம் வேலை பார்த்தேன், இவ்வளவுதான் கைக்கு வந்தது என்று மேஸ்திரியிடம் நிற்கும் தொழிலாளியின் கணக்கு அது.

சட்டமும் ஏறக்குறைய அந்தப் பக்கமே போனது.

1860-ன் இந்திய தண்டனைச் சட்டத்தில் 378-வது பிரிவு திருட்டு எது என்று சொல்கிறது. ஓர் அசையும் பொருளை, அதை வைத்திருப்பவரின் சம்மதமில்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு, அவர் வசமிருந்து எடுக்கும் நோக்கில் நகர்த்துவது திருட்டு. கடை அலமாரியிலிருந்து சிடியைப் பையில் போட்டுக்கொண்டு வந்தால் இது பொருந்தும். சிடியிலிருப்பதை நகலெடுத்துக்கொண்டு சிடியை அங்கேயே வைத்துவிட்டால் பொருந்தாது, யார் வசமிருந்தும் எதுவும் நகரவில்லை.

தொட முடியாத ஒன்றைத் திருட்டுச் சட்டத்துக்குள் கொண்டுவர வழியே இல்லையா என்றால், இருந்தது. மின்சாரத்தைப் பாருங்கள். கொக்கி போட்டு மின்சாரம் எடுப்பது தண்டனைச் சட்டத்தின் திருட்டு வரையறைக்குள் தானாக வராது என்று 1960-களில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1910-ன் மின்சாரச் சட்டம் அதைத் திருட்டாகக் கருத வேண்டும் என்று தனியாக எழுதி வைத்திருந்ததால்தான் அது திருட்டு. ஆக, சட்டமியற்றுவோர் நினைத்தால் அப்படி ஒரு வரி எழுத முடியும். மென்பொருளுக்கு அவர்கள் அந்த வரியை எழுதவில்லை. 1984-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்ற வகைக்குள் வைத்தார்கள். கவிதை, நாவல் இருக்கும் அதே வரிசையில் டேலியும் விண்டோஸும் உட்கார்ந்தன.

1994-ன் திருத்தம் 63பி என்ற பிரிவைச் சேர்த்தது. முறைகேடான நகல் என்று தெரிந்தே ஒரு நிரலைக் கணினியில் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. அபராதம் 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் வரை. பலருக்குத் தெரியாத விஷயம் அதன் கீழேயே இருக்கும் விதிவிலக்கு: லாபத்துக்காகவோ தொழிலுக்காகவோ பயன்படுத்தவில்லை என்றால், தகுந்த காரணங்களைப் பதிவுசெய்து நீதிமன்றம் சிறைத் தண்டனையைக் கைவிடலாம், 50,000 ரூபாய்க்கு மிகாத அபராதத்தோடு விடலாம். வீட்டில் கற்றுக்கொள்ள வைத்திருப்பவனும் கடை போட்டுச் சம்பாதிப்பவரும் ஒன்றல்ல என்று சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது. திருட்டுக்கு இப்படி ஒரு சலுகை கிடையாது. சொந்த உபயோகத்துக்குத்தான் சைக்கிளை எடுத்தேன் என்றால் எந்த நீதிபதியும் தலையசைக்க மாட்டார்.

அமெரிக்காவிலும் இதே வழக்கு வேறு உருவில் வந்தது. எல்விஸ் பிரெஸ்லி பாடல்களை அனுமதியில்லாமல் இசைத்தட்டாக்கி மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பியவர்மேல், திருட்டுச் சரக்கைக் கடத்தியதாக வழக்கு. டவ்லிங் வழக்கு என்று பெயர். 1985-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், காப்புரிமை மீறல் தண்டிக்கத்தக்கதாக இருக்கலாம், ஆனால் அதைத் திருட்டுச் சரக்குச் சட்டத்துக்குள் திணிக்க முடியாது என்று சொல்லிவிட்டது.

தமிழ்நாட்டுச் சட்டம் காட்டிய வேறுபாடு இன்னும் சுவையானது. 2004-ல் குண்டர் சட்டத்தைத் திருத்தி, திருட்டு விசிடிக்காரர்களை அதற்குள் கொண்டுவந்தார்கள். படக் காப்பி விற்பவரை ஓராண்டு வரை விசாரணையின்றி உள்ளே வைக்கலாம் என்றானது. சென்னை பர்மா பஜாரில், அதே மேசையில், பக்கத்து அடுக்கில் இருந்த மென்பொருள் சிடிக்கு அந்தத் திருத்தத்தில் இடமில்லை. கோடம்பாக்கத்தின் குரல் கோட்டைக்குக் கேட்கும். மென்பொருள் எழுதுகிறவனுக்கு அன்று இங்கே சங்கமும் இல்லை, ரசிகர் மன்றமும் இல்லை.

இப்போது தண்டனைச் சட்டமே மாறிவிட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டு 303-வது பிரிவு. அசையும் சொத்துக்குப் பழைய சட்டம் கொடுத்த விளக்கத்தில் பருப்பொருளாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. புதிய சட்டம் அதை எடுத்துவிட்டது. இனி தரவைத் திருடினாலும் திருட்டுதான் என்று சிலர் வாதிடத் தொடங்கியிருக்கிறார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. ஒருவர் வசமிருந்து எடுப்பது என்ற பகுதி அப்படியே இருக்கிறது. நகலெடுத்த பிறகும் மூலம் உரியவரிடமே இருக்கும்போது, எடுத்தது எது என்ற கேள்வி பழைய இடத்திலேயே நிற்கிறது.

சட்டம் கிடக்கட்டும். நகலெடுத்ததால் உண்மையில் யாருக்கு வலித்தது?

மைக்ரோசாஃப்டுக்கு வலித்ததா என்பதில் பெரிய சந்தேகம் உண்டு. 1976-ல் அந்தக் கடிதத்தை எழுதிய அதே பில் கேட்ஸ், 1998-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேசும்போது சீனாவைப் பற்றிச் சொன்னது ஊரறிந்தது. அவர்கள் திருடத்தான் போகிறார்கள் என்றால் நம்முடையதைத் திருடட்டும், பழகிவிட்டால் பின்னால் எப்படியாவது வசூலித்துக்கொள்ளலாம் என்ற பொருள்பட அவர் பேசினார். அதன்படியே நடந்தது. 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பி, இணையத்தின் மூலம் ஆக்டிவேட் செய்யும் பூட்டோடு வந்தது. பெரிய நிறுவனங்களுக்கான பொதுச் சாவி ஒன்று வெளியீட்டுக்கு முன்பே கசிந்து உலகம் சுற்றியது. அந்த இருபத்தைந்து எழுத்துகளையும் பார்க்காமல் தட்டும் மெக்கானிக்குகளை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பிறகு, 'இந்த விண்டோஸ் அசல் அல்ல' என்று திரை மூலையில் ஒரு வரி வந்தது, பின்னணி கறுத்தது. கறுத்த திரையிலேயே மூன்று வருஷம் பில் போட்ட மளிகைக் கடைகள் உண்டு. வழக்குகளும் நடக்காமல் இல்லை. காப்பி விண்டோஸ் ஏற்றிக் கணினி விற்ற ஒருவர் ஏறத்தாழ 20 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டுமென்று 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அது அத்திபூத்தாற்போல. வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை.

வலித்தது லினக்ஸுக்கு. காசு கொடுத்து வாங்கும் விண்டோஸும் இலவச லினக்ஸும் நேருக்கு நேர் நின்றிருந்தால், முப்பதாயிரம் ரூபாய்க்குக் கணினி வாங்கிய குடும்பம் எதை எடுத்திருக்கும் என்பது தெரிந்ததே. நகல் விண்டோஸ் நடுவில் வந்து அந்தப் போட்டியை இல்லாமலாக்கியது. 2007 வாக்கில் தமிழக அரசு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் தம் நிறுவனத்தையும் அரசுக் கொள்முதலையும் லினக்ஸ் பக்கம் திருப்பினார். மத்திய அரசின் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸின் எளிய பதிப்போடு சேர்ந்து மாணவர்கள் கைக்குப் போனது. பல மாணவர்கள் செய்த முதல் காரியம், பக்கத்துக் கடைக்குப் போய் இரண்டையும் அழித்துவிட்டு விண்டோஸ் 'அல்டிமேட்' நகலைப் போட்டுக்கொண்டதுதான். சட்டப்படி இலவசமாகக் கிடைத்ததைத் தூக்கியெறிந்து, சட்டமீறி இலவசமானதை ஏற்றிக்கொண்டார்கள். இதில் நஷ்டப்பட்டது யார் என்று மைக்ரோசாஃப்டைக் கேட்டால் அவர்களே சிரிப்பார்கள்.

இன்னும் ஆழமாக வலித்தது தமிழ் எழுத்துரு செய்தவர்களுக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

யூனிகோடு பரவுவதற்கு முன்னால் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு குறியேற்றம் வைத்திருந்தது. ஒருவருடைய எழுத்துருவில் 'க' இருக்கும் இடத்தில் இன்னொருவருடையதில் 'ழு' இருக்கும். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு டாம், டாப் என்று இரண்டு பொதுக் குறியேற்றங்களையும் ஒரு விசைப்பலகையையும் கொண்டுவந்தது. விசைப்பலகை நிலைத்தது. குறியேற்றக் குழப்பம் தீரவில்லை. இந்தச் சூழலில் திருச்சியில் ஒரு டிடிபி சென்டரில் பேஜ்மேக்கரில் வடிவமைத்த மலர் சிவகாசியில் அச்சாக வேண்டுமென்றால், ஃபைலோடு எழுத்துருவும் போயாக வேண்டும். இல்லையென்றால் அங்கே திரையில் தெரிவது புரியாத கிறுக்கல். ஃபிளாப்பியில், சிடியில், பிறகு பென் டிரைவில் எழுத்துருக்கள் ஊர் ஊராகப் பயணம் போயின. பதினைந்து நாளில் ஓர் எழுத்துரு ஒரு மாவட்டத்தைச் சுற்றி வந்துவிடும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததல்ல, வேலை அப்படித்தான் நடக்க முடிந்தது. சில தொகுப்புகள் பிரின்டர் போர்ட்டில் செருகும் பூட்டோடு வந்தன. பூட்டை ஏமாற்றும் ஃபைலும் பின்னாலேயே வந்தது.

ஒரு தமிழ் எழுத்துரு செய்வது லேசான வேலையல்ல. 247 எழுத்துகளுக்கும் வரிவடிவம் ஒழுங்காக அமைய வேண்டும். 'கூ', 'மூ', 'ஞூ' என்று ஒவ்வோர் உகர ஊகாரமும் தனித்தனி உருவம். கனத்த வடிவத்தில் சுழிகள் அடைத்துக்கொள்ளாமல் பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் கண் வலிக்கச் செய்த அந்த வேலையை விற்கும் சந்தை, பத்திரிகைகளும் அச்சகங்களும் டிடிபி சென்டர்களும் மட்டுமே. பத்துப் பேர் வாங்கினால் நூறு பேர் காப்பியெடுத்தார்கள். ரெட்மண்டில் இருக்கும் மைக்ரோசாஃப்டுக்கு உலகம் முழுக்க வாடிக்கையாளர்கள் உண்டு. நம் எழுத்துருக்காரருக்கு இருந்ததே இந்த ஒரு சந்தைதான். திருமண அழைப்பிதழிலிருந்து தேர்தல் சுவரொட்டி வரை அவர் வரைந்த எழுத்து ஊரெங்கும் சிரித்தது. அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். தமிழில் தலைப்பெழுத்துகள் பல வருஷங்களாக அதே பத்துப் பன்னிரண்டு வடிவங்களில் சுற்றிச் சுற்றி வந்ததற்கு இது ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

கூலி எதிர்பார்க்காமல் கொடுத்தவர்களும் இருந்தார்கள் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். சுவிட்சர்லாந்திலிருந்த விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை இலவசமாகவே தந்தார். மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலின் இலவசப் பதிப்பு மூலம் புலம்பெயர்ந்த தமிழர்களை மின்னஞ்சலில் தமிழ் எழுத வைத்தார். 2005 ஏப்ரலில் மத்திய அரசு தமிழ் எழுத்துருக்களும் கருவிகளும் அடங்கிய சிடியை விலையின்றி வெளியிட்டது. இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற கருவிகள் யூனிகோடில் தட்டச்சுவதை வீட்டு வேலையாக்கின. 2010-ல் தமிழக அரசே யூனிகோடை ஏற்று ஆணை போட்டது. இன்று முக்த மலர், பலூ தம்பி, கேட்டமரன், நோட்டோ என்று தரமான தமிழ் எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. காசு கேட்காமல், காப்பியடிக்கும் அவசியமே இல்லாமல். செய்தவர்களுக்கு முன்கூட்டியே ஊதியம் கொடுக்க யாரோ முன்வந்ததாலும், சிலர் விரும்பியே ஈந்ததாலும் இது நடந்தது.

ரிச்சி தெரு இன்றும் கூட்டமாகத்தான் இருக்கிறது. சிசிடிவி கேமராவும் எல்இடியும் செல்போன் உதிரிபாகங்களும் விற்கின்றன. சிடி உறைகளைக் காணோம், சிடி போடும் துளையே மடிக்கணினியில் இல்லை. நகலெடுப்பது நின்றுவிடவில்லை. பிஎஸ்ஏ என்ற மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பு, இந்தியாவில் உரிமமின்றி ஓடும் மென்பொருள் 2011-ல் 63 விழுக்காடு, 2017-ல் 56 விழுக்காடு என்று கணக்குச் சொன்னது. இந்த அமைப்புகள் நகல் ஒவ்வொன்றுக்கும் கடை விலையைப் போட்டுச் சொல்லும் ரூபாய்க் கணக்கை நான் நம்புவதில்லை. வாங்கவே போகாதவனிடமிருந்து வராத பணம் எப்படி இழப்பாகும்? ஆனால் விழுக்காடு இறங்கிவருவது மெய்தான்.

அது இறங்கியதற்குக் காரணம் நாம் திருந்தியதல்ல, விற்கும் முறை மாறியது. அடோபி 2013-ல், இனிப் புதிய பதிப்புகளைப் பெட்டியில் விற்க மாட்டோம், மாதச் சந்தா மட்டுமே என்றது. ஆபீஸும் ஆண்டுச் சந்தாவுக்கு நகர்ந்தது. டிசைன் வேலை பாதி பிரவுசருக்குள் போய்விட்டது. பல கருவிகளின் அடிப்படைப் பதிப்பு இலவசம். நகலெடுக்க நம் வீட்டில் முழுசாக ஒன்றுமே இல்லாதபோது எதை நகலெடுப்பது?

காப்பி இன்று வேறு வேஷத்தில் வருகிறது. 'லைஃப்டைம் கீ' என்று முந்நூறு நானூறு ரூபாய்க்கு இணையத்தில் சாவி விற்கிறார்கள். ரசீதுகூடக் கொடுக்கிறார்கள். வாங்குபவர் தாம் நேர்மையாக நடந்துகொண்டதாகவே நினைக்கிறார். பணம் போவது நிரல் எழுதியவருக்கல்ல, சாவி விற்றவருக்கு. டெலிகிராமில் ஒரு சந்தாவைப் பத்துப் பேர் பங்கு போடுகிறார்கள். கிராக் செய்த ஃபைலுக்குள் வைரஸ் ஒளிந்து வருவது சகஜமாகிவிட்டது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற நச்சுநிரல் உலகைப் பிடித்தபோது, அதற்கான தடுப்பு இரண்டு மாதம் முன்பே வெளியாகியிருந்தது. மாட்டிக்கொள்வோம் என்று பயந்து அப்டேட்டையே அணைத்து வைத்திருக்கும் நகல் கணினிக்கு அப்படிப்பட்ட தடுப்பு எட்டாது.

சில டிடிபி சென்டர்களில் பேஜ்மேக்கர் 7.0 இன்றும் ஓடுகிறது. 2001-ல் வந்த கடைசிப் பதிப்பு. 2004-ல் அடோபி அதை மேம்படுத்துவதைக் கைவிட்டது. இருபது வருஷத்துப் பழைய எழுத்துருக்களும் ஃபைல்களும் அதில்தான் ஒழுங்காகத் திறக்கின்றன. காசு தருகிறேன், பேஜ்மேக்கர் வேண்டும் என்று போய் நின்றால் இன்டிசைனைத்தான் காட்டுவார்கள். இந்த நகலால் யாருக்கு என்ன இழப்பு என்று எனக்கு எவ்வளவு யோசித்தும் விளங்கவில்லை.

எடுப்பவர் யார், இழப்பவர் யார் என்பதும் இப்போது தலைகீழாகியிருக்கிறது. 2009-ல் அமேசான், விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்களை வாசகர்கள் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த கிண்டில்களிலிருந்து தொலைவிலிருந்தே அழித்தது. பணத்தைத் திருப்பித் தந்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். சந்தா நின்றுவிட்டால் நாமே வரைந்து வைத்த ஃபைலைத் திறந்து திருத்த முடிவதில்லை. 'வாங்கு' என்று பொத்தானில் எழுதிவிட்டு உரிமத்தை மட்டும் தருவதானால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டுமென்று கலிஃபோர்னியா போட்ட சட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைச் செய்யும் ஆந்த்ராபிக் நிறுவனம் எழுத்தாளர்களோடு 150 கோடி டாலருக்குச் சமரசத்துக்கு வந்தது. காசு கொடுக்காமல் நகல் நூலகங்களிலிருந்து நூல்களை இறக்கிச் சேர்த்து வைத்தது பற்றிய வழக்கு அது. வாங்கிய நூல்களைக் கொண்டு பயிற்சி கொடுத்ததை ஏற்ற நீதிபதி, இப்படிச் சேர்த்ததை ஏற்கவில்லை. ஏறத்தாழ 5 லட்சம் நூல்கள், நூலுக்கு ஏறத்தாழ 3,000 டாலர். ரிச்சி தெரு சிடியையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஏழைப் பையன் பணக்காரக் கம்பெனியை ஏய்க்கும் கதை மட்டுமல்ல இது என்று புரியும்.

தமிழ்நாடும் மேசையின் மறுபக்கம் போய் உட்கார்ந்துவிட்டது. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஜோஹோ சென்னையிலும் தென்காசியிலும் எழுதும் மென்பொருளை உலகம் சந்தா கட்டிப் பயன்படுத்துகிறது. சென்னையில் பிறந்த ஃபிரெஷ்வொர்க்ஸ் 2021-ல் நாஸ்டாக்கில் பட்டியலானது. அந்தச் சம்பளத்தில் வாழும் குடும்பங்கள் நம் தெருவிலேயே இருக்கின்றன. அவர்களில் சிலர் வீட்டு மடிக்கணினியில் கிராக் ஓடுகிறது என்பதும் உண்மை.

என் தீர்ப்பு இதுதான். மென்பொருளை நகலெடுப்பது திருட்டல்ல. சட்டமும் அப்படிச் சொல்லவில்லை, எடுத்த பிறகும் உடையவர் கையில் பொருள் இருக்கிறது. அதனால் குற்றமில்லை என்றாகிவிடாது. அது வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காமல் விடுவது. அந்தக் கணக்கில் பார்த்தால் யார் எவ்வளவு கடன்பட்டவர் என்பதும் விளங்கும். கற்றுக்கொள்ள வைத்திருக்கும் மாணவனை நான் குற்றவாளி என்று சொல்ல மாட்டேன், இலவச மாற்று இருக்கிறது என்று மட்டும் சொல்வேன். விற்பனையே இல்லாத பழைய மென்பொருளை வைத்திருப்பவரையும் விட்டுவிடலாம். அந்த நிரலை வைத்து மாதாமாதம் பில் போடும் ஸ்டுடியோ, அச்சகம், விளம்பர நிறுவனம், கட்டடப் பொறியாளர் அலுவலகம் ஆகியவை கூலி பாக்கி வைத்தவை. ஊழியர் பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுத்துவிட்டு, அவர்களோடு சேர்ந்து உழைக்கும் மென்பொருளுக்கு மட்டும் கை விரிப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது. எழுதியவர் சின்னவராக, உள்ளூர்க்காரராக இருக்கும்போது அந்தப் பாக்கி இன்னும் பெரியது.

நீங்கள் தமிழை வைத்துத் தொழில் செய்கிறவர் என்றால் உங்கள் கணினியின் எழுத்துரு ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். தினமும் கைக்கு வரும் ஐந்தாறு எழுத்துருக்கள் யாருடையவை, எந்த உரிமத்தில் வந்தவை என்று தேடுங்கள். இலவசமென்றால் கவலையில்லாமல் தொடருங்கள். விலை போட்டிருந்தால், வரைந்தவர் இன்னும் விற்றுக்கொண்டிருந்தால், இந்த மாதக் கணக்கு முடிப்பதற்குள் அதைக் கட்டிவிடுங்கள்.